நாளிதழ் வலைப்பதிவுகள்: மூவாருக்குப் போய்ச் சேராத ஒரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளிதழ்கள் தங்கள் இணையத்தளங்களில் நடத்தும் வலைப்பதிவுகளை, அதாவது பிளாக்குகளைப் பற்றி எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது. இடம் போதாவிட்டால் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சிங்கப்பூரில் பொது நூலகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காலையில் என் முதல் வேலை நாளிதழ்களைப் பிரித்து வைப்பது. நான்கு மொழிக் கட்டுகளும் ஒன்றாக வந்து கிடக்கும். பிளாஸ்டிக் வாரை வெட்டி, நேற்றைய தாள்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, இன்றையதை மேலே வைப்பதற்குள் விரல் நுனி கறுத்துவிடும். கதவு திறக்கும் முன்பே வாசலில் ஒரு தாத்தா நிற்பார். தமிழ்த் தாளை எடுத்ததும் முதலில் மரண அறிவிப்பு, அடுத்து வாசகர் கடிதம், தலைப்புச் செய்தி அதற்கும் பிறகுதான். அவர் படித்து முடிக்கும்வரை இன்னொருவர் பக்கத்து நாற்காலியில் பேசாமல் காத்திருப்பார். அவர்கள் போன பிறகும் அந்தத் தாள் எங்கும் போய்விடாது. இங்கே அச்சாகும் ஒவ்வொரு வெளியீட்டிலும் இரண்டு படிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 1887-இல் மகுதூம் சாயபு நடத்திய தமிழ் இதழ் ‘சிங்கை நேசன்’ இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நாளிதழ் என்றால் யாரோ ஒருவர் பத்திரப்படுத்தி வைப்பார் என்ற நம்பிக்கையிலேயே நான் வளர்ந்தேன். அந்த நம்பிக்கையில்தான் ஏமாந்தேன்.

2009-ஆம் ஆண்டு ஒரு நாளிதழ் தன் இணையத்தளத்தில் வாசகர்களுக்கு வலைப்பதிவு எழுத இடம் கொடுத்தது. நம் ஊர் நாளிதழ் இல்லை. பெயரும் வேண்டாம், என் நோக்கம் அவர்களைக் குறை சொல்வதன்று. அப்போது என் அப்பாவுக்கு 78 வயது. 1951-இல் கப்பலேறி வந்தவர், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் பிரிவில் வேலை. கல்யாணம் ஆகும்வரை கேன்பெரா ரோட்டுப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பில் நான்கு பேரோடு ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர் பேசுவார், நான் எழுதிக்கொள்வேன், இரவு தட்டச்சு செய்து பதிவேற்றுவேன். சங்கு ஊதும் நேரம், சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் கடன்காரர், மரத்தடியில் வேல் வைத்துக் கும்பிட்ட இடம் பெரிய கோயிலாகிப் பிறகு ஈசூனுக்கு வந்தது, இப்படி மூன்றரை ஆண்டுகளில் 34 பதிவுகள்.

அதில் ஒன்று டிபன் கேரியரைப் பற்றியது. மூன்று அடுக்கு அலுமினியக் கேரியர், இன்னும் என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. ஒரே மெஸ்ஸில் சாப்பாடு வாங்குகிறவர்கள் எல்லாருடைய கேரியரும் ஒரே மாதிரி இருந்ததால், மாறிப் போகாமலிருக்க மூடியில் ஆணியால் ஏதாவது கீறிக்கொள்வார்களாம். அப்பாவுடையதில் ஒரு நங்கூரம். இதைத்தான் எழுதியிருந்தேன். 2012 கடைசியில் அதன்கீழ் மலேசியாவின் மூவார் நகரத்து வாசகர் ஒருவரின் கருத்து, பின்னூட்டமாக வந்தது. “மூவாரிலிருந்து எழுதுகிறேன். அந்த நங்கூரத்தைக் கீறியவர் என் அப்பா என்று நினைக்கிறேன். இடது பக்கக் கொக்கி குட்டையாக இருக்குமா? ஆணி வழுக்கிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்.”

நான் எழுந்து போய் மூடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இத்தனை ஆண்டு தேய்த்துக் கழுவிய பாத்திரம், ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை. இடது கொக்கி வலது கொக்கியில் பாதிதான் இருந்தது.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றார். மூன்றாம் தடவை படித்ததும் அந்த நண்பரின் பெயரைச் சொன்னார். அறுபது ஆண்டுக்கு முன் ஒரே அறையில் படுத்து உறங்கியவர், தளம் கைமாறியபோது மலாயாப் பக்கம் போனவர். இருக்கிறாரா என்று கேள் என்றார். பின்னூட்டத்தில் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது: “அப்பா காலமாகிவிட்டார். உங்கள் அப்பாவிடம் ஒருமுறை பேச வேண்டும் போலிருக்கிறது.” உடனே என் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து எழுதினேன். எழுதியது பக்கத்தில் வரவில்லை. ‘மட்டுறுத்தலுக்காகக் காத்திருக்கிறது’, அதாவது தளத்தார் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வரி நின்றது. மறுநாளும் நின்றது. தினமும் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை பார்த்தேன். பதினோராம் நாள் தளத்தைத் திறந்தால் நிறம், எழுத்து, அமைப்பு எல்லாம் புதிது. வாசகர் பதிவு என்ற பகுதியையே காணோம்.

அந்த அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து இரண்டு வரி: பழைய வாசகர் பதிவுகள் புதிய வடிவமைப்பில் சேர்க்கப்படவில்லை, ஆதரவுக்கு நன்றி. அப்பா 2014-இல் இறந்தார். மூவாரிலிருந்து பதில் வந்ததா என்று கடைசி வருடம் அடிக்கடி கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், வரும்ப்பா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் நோட்டில் எழுதியது என்னிடம் இருக்கிறது. பதிவு போனாலும் திரும்ப எழுதிவிடலாம். பின்னூட்டங்களைத்தான் நான் எடுத்து வைக்கவில்லை. நாளிதழின் பக்கமாயிற்றே, எங்கே போய்விடும் என்றிருந்தேன். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினேன், 34-இல் மூன்று கிடைத்தன. கேரியர் பதிவு அதில் ஒன்று. அடியில் ‘பின்னூட்டங்கள் (9)’ என்று இருக்கிறது. சொடுக்கினால் திறப்பதில்லை.

இத்தனை ஆண்டு கழித்து இப்போது எழுதக் காரணம் என் பேத்தி. உயர்நிலை ஒன்று படிக்கிறாள், குடும்ப வரலாறு பற்றிப் பள்ளியில் ஏதோ திட்டப்பணி. “பூட்டன் கதையெல்லாம் ஆன்லைனில் எழுதினேன்னு சொன்னீங்களே பாட்டி, லிங்க் அனுப்புங்க” என்றாள். அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை. அதே வாரம் அவளை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு அழைத்துப் போய், நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ‘தமிழ் முரசு’ பக்கங்களைக் காட்டினேன். அறுபதுகளின் விளம்பரங்களையும் திருமண அறிவிப்புகளையும் வாய் பிளந்து பார்த்தாள். “இதெல்லாம் இருக்கு, உங்களுது ஏன் இல்லை?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் தருகிறேன். அச்சில் வந்ததற்கு ஒரு மரியாதை, தளத்தில் வந்ததற்கு ஒரு மரியாதை என்று நாளிதழ்களே பிரித்து வைத்திருக்கின்றன.

இத்தனைக்கும் வலைப்பதிவு நாளிதழுக்கு அந்நியமான சரக்கு இல்லை. 1998 ஆகஸ்டில் போனி சூறாவளி அமெரிக்காவின் வட கரோலினாக் கரையை நெருங்கியபோது, ‘சார்லட் அப்சர்வர்’ நாளிதழின் செய்தியாளர்கள் கண்ணால் கண்டதை அவ்வப்போது சிறு சிறு குறிப்புகளாகத் தளத்தில் இட்டார்கள். ஒரு நாளிதழ் ஒரு நிகழ்வை வலைப்பதிவாகத் தந்ததற்கு முதல் சான்றாக இதைத்தான் சொல்கிறார்கள். ராத்திரி ஒரு தடவை அச்சுக்குப் போகும் தாளுக்காகப் புயல் காத்திருக்காது. அந்தத் தேவையில் பிறந்த வழக்கம் இது. செய்திக்கட்டுரையில் இடமில்லாததைச் செய்தியாளர் சொல்லலாம், தெரியாததை வாசகரிடம் கேட்கலாம், வாசகர் வந்து திருத்தலாம். நம் மொழியிலும் பதிவர்கள் குறைவில்லை. 2004-இல், தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் ‘தமிழ்மணம்’ திரட்டி வந்த பிறகு வலைப்பூ, பின்னூட்டம், மட்டுறுத்தல் என்று சொல்லுக்குச் சொல் தமிழிலேயே ஆக்கிக்கொண்டவர்கள் அவர்கள். நாளிதழ்கள் பின்னால்தான் வந்தன.

பின்னால் வந்தது பிழையில்லை. வந்து ஆள் போடாமல் விட்டதுதான் பிழை. பல நாளிதழ்களின் தளங்களில் பார்த்திருக்கிறேன்: தொடங்கும்போது பத்துப் பன்னிரண்டு பேர் படத்தோடு பட்டியல், ஆளுக்கு நாலு பதிவு, அப்புறம் ஒரு பொங்கல் வாழ்த்து. அந்த வாழ்த்தோடு மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு அசையாமல் கிடக்கும். கீழே கடன் கொடுக்கிறோம் என்ற விளம்பரங்கள் பின்னூட்டமாகக் குவிந்திருக்கும். அந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு என்று அலுவலகத்தில் கேட்டால் செய்திப் பிரிவு தொழில்நுட்பப் பிரிவைக் கைகாட்டும், தொழில்நுட்பப் பிரிவு செய்திப் பிரிவைக் கைகாட்டும். என் பதில் பதினோரு நாள் நின்றதும் இதனால்தான் இருக்கும். யாரும் தடுத்து வைக்கவில்லை. பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அச்சுப் பக்கத்தில் இப்படி நடக்காது என்பதற்கு நானே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழுக்குக் கடற்படைத் தளம் பற்றி ஒரு சிறு கடிதம் எழுதினேன். மறுநாள் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். “அம்மா, தளம் 1971-இல் கைமாறியது என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பல் பட்டறை 1968 டிசம்பரிலேயே சிங்கப்பூரிடம் வந்துவிட்டதே, பிரிட்டிஷ் படைகள் வெளியேறியதுதான் 1971. எதைச் சொல்ல வருகிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதே தவற்றை வலைப்பதிவிலும் எழுதியிருந்தேன், அங்கே அது கேட்பாரில்லாமல் கடைசிவரை இருந்தது. ஒரு வாசகர் கடிதத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்ட அந்தத் தம்பியைப் போல் ஒருவர் வலைப்பதிவுப் பக்கத்துக்கும் வேண்டும். தவறு தெரிந்தால் திருத்திவிட்டு, என்ன தேதியில் என்ன திருத்தினோம் என்று அடியில் ஒரு வரி போட வேண்டும். சத்தமில்லாமல் மாற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காலையில் படித்த வாக்கியம் மாலையில் வேறாக இருக்கும். அச்சுத் தாளில் நேற்றைய பிழையை இன்று ‘திருத்தம்’ என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் தளத்துக்கு வரும்போது எங்கே போகிறது?

பின்னூட்டங்களைக் கவனிப்பது கடினமான வேலை, எனக்குத் தெரியும். லண்டன் ‘கார்டியன்’ தன் தளத்துக்கு வந்த 7 கோடிப் பின்னூட்டங்களை ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டது. அதிகம் வசை வாங்கிய 10 எழுத்தாளர்களில் 8 பேர் பெண்கள். நம் பெண் செய்தியாளர் ஒருவர் பெயரோடும் படத்தோடும் எழுதும்போது கீழே கண்டதையும் கொட்ட விடக் கூடாது. அதற்காகப் பின்னூட்டத்தையே மூடிவிடுகிறார்கள் பலர். நான் அதை ஒப்பமாட்டேன். மூவார்க்காரரும் அந்த வழியாகத்தான் வந்தார். காலையும் மாலையும் அரை மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் எங்கள் அளவு வாசகர் கூட்டத்துக்குப் போதும்.

மூடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பகுதியும் என்றென்றைக்கும் நடக்காது. ‘நியூயார்க் டைம்ஸ்’ பல பத்து வலைப்பதிவுகளை நடத்தியது, 2014 வாக்கில் அவற்றில் நிறைய மூடப்பட்டன. ‘சிட்டி ரூம்’ என்று நகரச் செய்திகளுக்கு ஒரு வலைப்பதிவு இருந்தது, அதுவும் நின்றுவிட்டது. ஆனால் அதன் பழைய பக்கங்கள் காப்பகமாக இருக்கின்றன, இன்று தேடினாலும் படிக்கலாம். கடையை மூடினாலும் கணக்குப் புத்தகத்தை எரிக்கவில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தே ஆண்டில் கிடைக்காமல் போய்விட்டன. என் 34 பதிவும் போனது அந்த 2013-இன் தொடக்கத்தில்தான்.

தமிழுக்கு இதில் கூடுதல் இழப்பு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு நாளிதழும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிப் போட்டால்தான் தளத்தைப் படிக்க முடியும். நூலகக் கணினிகளில் வாசகர்களுக்காக நானே எத்தனை தடவை கேட்டு வாங்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பக்கங்களைச் சேமித்தவர்கள் வைத்திருந்தாலும் இன்று திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். நம் ஊர் இதில் முன்னோடி என்பதால் எனக்கு வருத்தம் அதிகம். 1995 அக்டோபரில் நான்கு மொழிக் கவிதைகளோடு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த இணையத்தளத்தில் தமிழையும் திரையேற்றியவர் நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் உலகின் முதல் தமிழ் இணைய மாநாடு இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது. தமிழை இணையத்தில் ஏற்றிய ஊர், ஏற்றியதைக் காப்பதிலும் முன்னால் நிற்க வேண்டாமா?

தேசிய நூலக வாரியம் தன் பங்கைச் செய்கிறது. முன்பு ஓர் இணையத்தளத்தைக் காப்பகத்தில் சேர்க்க எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். சட்டம் திருத்தப்பட்டு, 2019 ஜனவரி 31 முதல் ‘.sg’ என்று முடியும் முகவரி கொண்ட தளங்களை அனுமதி கேட்காமலே சேமிக்கலாம் என்றானது. நான் எழுதிய தளம் அந்த வகையில் வராது, காலமும் முந்தியது. சட்டம் இருக்கிறது என்று நாளிதழ் கையைக் கட்டிக்கொள்ளவும் முடியாது. வடிவமைப்பை மாற்றும்போது பழைய முகவரியைச் சொடுக்கினால் புதிய இடத்துக்குப் போகும்படி வைப்பது தளம் நடத்துகிறவரின் கையில்தான் இருக்கிறது. மூடுவதென்றால் மூன்று மாதம் முன்னதாக எழுதியவர்களுக்குச் சொல்லுங்கள், பதிவும் பின்னூட்டமும் சேர்த்து அவரவர் படியை எடுத்துக்கொள்ள வழிசெய்யுங்கள். எனக்கு ஒரு வாரம் கிடைத்திருந்தால் போதும்.

வாரத்தில் ஒரு நாள், வலைப்பதிவில் வந்ததில் ஒன்றிரண்டைப் பின்னூட்டங்களோடு அச்சிலும் போடுங்கள். நூலக வாசலில் நிற்கும் தாத்தாக்கள் தளத்துக்குப் போகமாட்டார்கள், தாளில் வந்தால் படிப்பார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் எத்தனை நங்கூரம் இருக்கிறதோ. இளையவர்களுக்கும் இது நல்லது. 1950-களில் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றம் என்று மாணவர் எழுத்துக்கு இடம் கொடுத்து, திருத்தி, ஊக்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் எழுதிப் பழகியவர்கள் பிறகு எழுத்தாளர்களாக வளர்ந்தார்கள். என் பேத்தி வயதுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் எழுதத் தயங்குவதில்லை. எழுதியதை ஒரு பெரியவர் படித்து, இந்த ஆண்டு சரியா என்று கூப்பிட்டுக் கேட்டால் அவர்கள் அதை மறக்கமாட்டார்கள். எனக்கு அறுபது வயதில் வந்த தொலைபேசியையே நான் இன்னும் மறக்கவில்லை.

கடைசியாக என் வேண்டுகோள். மூவாரிலிருந்து எனக்கு எழுதியவர் ஜோகூரில் இந்த இதழைப் பார்க்கக்கூடும், அல்லது அவரை அறிந்த ஒருவர் பார்க்கக்கூடும். ஐயா, 2012-இல் உங்களுக்கு நான் எழுதிய பதில் வந்து சேரவில்லை. வேண்டுமென்று பேசாமல் இருந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் அப்பாவின் பெயரை என் அப்பா சொன்னார். இருவரும் எடுத்துக்கொண்ட படம் ஒன்று, பின்னால் 1956 என்று எழுதியது, அவர் பெட்டியில் இருந்து கிடைத்திருக்கிறது. கேரியரின் மூடி என்னிடம் இருக்கிறது. உங்களுக்குத் தர விரும்புகிறேன். ஆசிரியர் அலுவலகத்தில் என் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலக ஊழியர்,
ஈசூன்
(பெயரும் முகவரியும் தனியே இணைத்துள்ளேன்)